ஆயிரத்து நூற்று நாற்பது துகள்கள்

ஜனவரி 17, புதன்

ஆய்விதழிலிருந்து பதில் வந்தது. மூன்று வருடம் உழைத்த கட்டுரை. முதல் மதிப்பீட்டாளர் "வெளியிடலாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். நல்ல மனிதர். இரண்டாமவர் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். அதில் ஒன்பதாவது குறிப்பு: "கட்டுரையாசிரியர் தம் வாழ்நாளில் உயிருள்ள ஒரு கூட்டத்தை நேரில் பார்த்ததுண்டா?" பிப்ரவரி ஒன்பதுக்குள் பதில் அனுப்ப வேண்டுமாம்.

நான் பார்க்காத கூட்டமா? என் கணினித் திரையில் ஒரே சமயத்தில் ஒரு லட்சம் புள்ளிகளை ஓடவிட்டவள் நான். மணலை யாராவது தள்ளினால்தான் நகரும். ஆனால் மீனும் குருவியும் கண்ணுக்குத் தெரியாத கிருமியும் தின்றதை எரித்துத் தாமாகவே நகர்கின்றன. அப்படித் தானாக இயங்குகிற துகள்கள் ஆயிரம் சேர்ந்தால், ஒவ்வொன்றும் பக்கத்தில் இருப்பது போகும் திசைக்கு லேசாகத் திரும்பினாலே போதும். மொத்தக் கூட்டமும் ஒரே திசையில் போய்விடும். தலைவர் வேண்டாம், கட்டளை வேண்டாம். இதுதான் கட்டுரை.

சாப்பிடும்போது ஞானப்பிரகாசத்திடம் சொன்னேன். கணவர் என்ற முறையில் ஆறுதல் சொல்லியிருக்கலாம்.

"லால்குடி தாண்டிப் போனா அறுத்த வயல்ல எல்லாம் வாத்துதான் மேயுது. போய்ப் பாத்துட்டு வாயேன், ஜெசிந்தா."

"நான் கோட்பாட்டு இயற்பியல். எனக்கு எதையும் போய்ப் பார்க்கிற வழக்கம் இல்ல."

"அதனால வாத்து ஒண்ணும் கோச்சுக்காது" என்றார்.

ஜனவரி 18, வியாழன்

கல்லூரிக்கு மின்னஞ்சலில் பதினைந்து நாள் விடுப்பு எழுதி அனுப்பிவிட்டு, முதல் பஸ்ஸில் மேலக்கொடிக்கால் போனேன். லால்குடியிலிருந்து அரை மணி நேரம். சம்பா அறுவடை முடிந்த வயல்களில் சிந்திய நெல்லையும் நத்தையையும் தின்ன, செய்யாறு பக்கத்திலிருந்து ஒரு தம்பதி வாத்துகளோடு வந்திருக்கிறார்கள். மனைவி ஏகவல்லி, என் வயதுதான் இருக்கும். கணவர் தாண்டவராயன். அவர் "ம்" என்று சொல்வார்; அதிகம் பேச வேண்டிய நாளில் "ம்ம்" என்பார். வாத்துகள் ஆயிரத்து நூற்று நாற்பது. எல்லாவற்றின் இறக்கையிலும் அடையாளத்துக்கு ஒரு நீலச் சாயப் பொட்டு.

துறைத் தலைவரின் மைத்துனர் கல்யாண வீடியோ எடுப்பவர். அவரிடம் நேற்றிரவே இரவல் வாங்கிய டிரோனைப் பறக்கவிட்டேன். அது எழும்பிய அடுத்த நொடி ஆயிரத்து நூற்று நாற்பதும் அலறிக்கொண்டு வாய்க்காலில் குதித்தன.

"இன்னா டீச்சர், பருந்தக் கொண்டாந்து உட்டுட்டீங்க!" என்று ஏகவல்லி கத்தினாள். அவற்றை மறுபடி கரையேற்றப் பதினோரு மணி ஆனது.

டிரோனைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

ஜனவரி 19, வெள்ளி

புதிய ஏற்பாடு. மோட்டார் கொட்டகைக் கூரையில் மூங்கில் நட்டு, அதன் உச்சியில் கேமராவைக் கட்டியாயிற்று. ஏறிக் கட்டியவர் தாண்டவராயன். "ரொம்ப நன்றிங்க" என்றேன். "ம்."

நான் வயலின் வடகிழக்கு மூலையில் நோட்டுப் புத்தகத்தோடு நிற்கிறேன். விதி ஒன்றே ஒன்று: பார்வையாளருக்கும் கூட்டத்துக்கும் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. தொட்டால் தரவு கெட்டது.

மதியம் ஏகவல்லிக்கு என் கோட்பாட்டை விளக்கினேன். அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப ஒவ்வொண்ணும் பக்கத்துல கீறதப் பாத்துதான் போவுதுன்றீங்க."

"ஆமா."

"சரி. மொத ஆளு யாரப் பாக்கும்?"

முதல் ஆள் என்று யாரும் கிடையாது என்றேன். அவள் தாண்டவராயனைப் பார்த்தாள். தாண்டவராயன் வாத்துகளைப் பார்த்தார்.

டீயில் தொட்டுத் தின்னக் கடையில் வாங்கிய பொறை ரொட்டியில் ஒன்று கை தவறி வரப்பில் விழுந்தது. ஒரு வாத்து வந்து எடுத்துக்கொண்டது. இது தொடர்பு ஆகாது.

ஜனவரி 20, சனி

முதல் நாள் படத்தை வீட்டில் ஆராய்ந்தேன். ஒவ்வொரு வாத்தும் போகும் திசையை ஓர் அம்புக்குறியாக வரையும்படி நிரல் எழுதியிருக்கிறேன். கண்கொள்ளாக் காட்சி! காலை ஏழு மணிக்கு அம்புகள் கண்டபடி சிதறிக் கிடக்கின்றன. எட்டரைக்குள் எல்லாம் ஒரே திசைக்குத் திரும்பிவிடுகின்றன. தலைவர் இல்லை, கட்டளை இல்லை, தானாக உருவாகும் ஒழுங்கு. ஞானப்பிரகாசத்தை அழைத்துக் காட்டினேன்.

"எல்லாம் எங்க போகுது?"

"வடகிழக்கு மூலைக்கு."

"அங்க என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. நான்தான் நிக்கிறேன்."

அவர் கொஞ்ச நேரம் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் குளிக்கப் போனார்.

ஜனவரி 21, ஞாயிறு

மாதா கோயில் பூசையில், நன்மை அப்பம் வாங்கும் வரிசை நடுவில் அகலமாகவும் முன்னால் குறுகலாகவும் நகர்வதைக் குறித்துக்கொண்டிருந்தேன். பாட்டுப் புத்தகத்தில் எழுதக் கூடாது என்று ஞானப்பிரகாசம் முழங்கையால் இடித்தார்.

ஜனவரி 22, திங்கள்

இன்றும் வடகிழக்கு. நிலம் அந்தப் பக்கம் சரிவாக இருக்க வேண்டும். ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். சரிவு தென்மேற்காக இருக்கிறது. சரிவு காரணமல்ல.

பொறை இரண்டு கை தவறின.

ஜனவரி 23, செவ்வாய்

காற்றாக இருக்கலாம். குச்சியில் நூல் கட்டிப் பார்த்தேன். காலையில் ஒரு திசை, பத்து மணிக்கு வேறு திசை. வாத்துகளுக்கு ஒரே திசை. காற்றும் காரணமல்ல.

டீக்கடைக்காரர் பொறையைப் பாக்கெட்டாகவே வாங்கிக்கொள்ளச் சொன்னார். நாலு வாங்கினேன். வயல் வெயிலில் நின்றால் பசிக்கிறது.

ஜனவரி 24, புதன்

வெயில் முகத்தில் படாமல் இருக்க அப்படித் திரும்புகின்றனவோ என்று நினைத்து, மதியத்துக்கு மேல் நான் தென்மேற்கு மூலைக்குப் போய் நின்று கவனித்தேன். ஆச்சரியம், கூட்டமும் தென்மேற்குக்குத் திரும்பிவிட்டது! சூரியன் நகர நகரத் திசை மாறுகிறது என்று எடுத்துக்கொள்ளலாமா? ஆனால் அந்தப் பக்கம்தான் வெயில் நேராக முகத்தில் அடிக்கிறது.

ஏகவல்லி வரப்பில் உட்கார்ந்து கூடை முடைந்துகொண்டிருந்தாள். "டீச்சர், ஒங்களுக்கு மெய்யாலுமே தெரிலயா, இல்ல வெளாடுறீங்களா?" என்றாள்.

"எது?"

"ஒண்ணுமில்ல. எய்துங்க, எய்துங்க."

சரிவு, காற்று, சூரியன் மூன்றையும் அடித்தாயிற்று. மிச்சம் இருப்பது நான் மட்டும்தான். நாளை மண்ணின் ஈரப்பதத்தைச் சோதிக்க வேண்டும்.

ஜனவரி 25, வியாழன்

ஈரப்பதமும் இல்லை.

எப்போதும் முதலில் வந்து சேரும் வாத்து ஒன்று இருக்கிறது. கழுத்தில் கறுப்புத் திட்டு. பெயர் வைப்பது அறிவியலுக்கு உகந்ததல்ல. துகள் 1 என்று குறித்திருக்கிறேன். என் செருப்பின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறாள். நான் நகரவில்லை, நகர்ந்தால் குறுக்கீடு ஆகிவிடும். முக்கால் மணி நேரத்தில் கால் மரத்துப்போய்விட்டது.

ஜனவரி 26, வெள்ளி

கல்லூரியில் கொடியேற்றம். வயலுக்குப் போகவில்லை. முதல்வர் பேசும்போது மாணவர்கள் நிழல் இருக்கும் பக்கமாக மெல்ல மெல்ல நகர்ந்து, கடைசியில் கொடிக்கம்பத்தின் முன்னால் யாருமே இல்லை.

ஜனவரி 27, சனி

"நேத்து இன்னா டீச்சர் வரல?" என்றாள் ஏகவல்லி, கோபமாக. "ஒண்ணும் மேயலங்க. பஸ் வர ரோட்டப் பாத்துகினே நின்னுச்சுங்க. முட்டையும் கம்மி."

வானிலை என்றேன்.

"ம்ம்" என்றார் தாண்டவராயன்.

ஜனவரி 29, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

நாலு மணிக்குத் துறைக் கூட்டம் இருந்ததால் இரண்டு மணிக்கே கிளம்பினேன். வாத்துகள் வாய்க்காலில் கிடந்தன. ஏகவல்லி தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். தாண்டவராயன் வேப்ப மரத்தடியில் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். சொல்லிக்கொள்ளாமல் சாலைக்கு ஏறினேன். பஸ் வந்தது, ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பஸ் நகரவில்லை. டிரைவர் ஹாரனை அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். எல்லோரும் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். நான் எழவில்லை, சத்தத்திலேயே தெரிந்துவிட்டது.

பஸ்ஸுக்கு முன்னால், பின்னால், இரண்டு பக்கமும் சாலை முழுக்க வாத்து. துகள் 1 படிக்கட்டில் ஏறி, முதல் படியில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள்.

கண்டக்டர் அவளையும் என்னையும் பார்த்தார். "ஏம்மா, ஒங்க ஆளுங்கல்லாம் ஏறலயா?"

"எனக்கு இதுங்களத் தெரியாது" என்றேன். மூன்று முறை சொன்னேன் என்று நினைக்கிறேன்.

துகள் 1 நேராக நடந்து வந்து என் செருப்பின் மேல் உட்கார்ந்தாள். பஸ் முழுக்கச் சிரிப்பு. பின்சீட்டிலிருந்து ஒருவர், "தெரியாதவங்க மடியில இப்படியா உக்காருவாங்க?" என்றார். மடியில் இல்லை, செருப்பில் என்று திருத்தினேன்.

அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். அப்போது பின்னால் வந்த லாரிக்காரன் ஏர்ஹாரனை அழுத்தினான். மொத்தக் கூட்டமும் விதிர்விதிர்த்துச் சாலையைக் கடந்து எதிர்ப்பக்க வயலில் பாய்ந்தது. துகள் 1 என் கையை உதறிவிட்டு அதோடு ஓடினாள். எதிர்ப்பக்க வயலில் முனிரத்தினம் என்பவர் தன் எண்ணூறு வாத்துகளை மேய்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டும் பாலும் தண்ணியும் மாதிரி கலந்துவிட்டன.

முனிரத்தினம் கோலை ஓங்கிக்கொண்டு வந்தார். "யாருதுடா இது? என் கூட்டத்த ஓட்டிக்கினு போவ வந்தீங்களா?"

குடத்தைப் போட்டுவிட்டு ஏகவல்லி ஓடி வந்தாள், பின்னால் தாண்டவராயன். இருவரும் ஆளுக்கொரு பக்கம் "பா... பா... பா..." என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். முனிரத்தினமும் கூப்பிட்டார். மிரண்டுபோன கூட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. என் கணினியில் இப்படிச் சுழல் உண்டாவதைப் பார்த்து நான் கை தட்டியிருக்கிறேன். இன்று ஏகவல்லி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். அந்த வாத்துகளைத் தவிர அவர்களுக்கு வேறு எதுவும் இல்லை.

என்ன செய்வதென்று தெரியாமல் பையைத் திறந்தேன். பொறைப் பாக்கெட் எட்டு இருந்தது. ஒன்றைப் பிரித்தேன். அந்தக் காகிதச் சத்தம் கேட்டதும் அங்கங்கே முப்பது நாற்பது தலைகள் நிமிர்ந்தன. அவ்வளவுதான், முப்பது நாற்பது. நான் திரும்பிப் பார்க்காமல் சாலையைக் கடந்து எங்கள் வயலுக்கு நடந்தேன். முன்னூறு அடி போய்த் திரும்பினேன். எல்லாம் பின்னால் வந்துகொண்டிருந்தன. கண்டக்டர் நடுச் சாலையில் நின்று இரண்டு கையையும் நீட்டி வண்டிகளை நிறுத்தியிருந்தார்.

எல்லாம் என்றால், முனிரத்தினத்தின் முன்னூற்றுப் பன்னிரண்டும் சேர்த்து. அவை என்னைப் பார்த்ததே இல்லை. பொறையைக் கண்டதும் இல்லை. பக்கத்தில் போவதைப் பார்த்து வந்தவை!

அவருடைய அடையாளமான சிவப்புப் பொட்டு வைத்தவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்து அவரிடம் கொடுத்து முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. நான் பிடித்தது ஆறு. உயிர்ச்சேதம் இல்லை. எங்கள் கணக்கில் ஒன்று மட்டும் குறைந்தது.

ஏகவல்லி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "அந்த லாரி நிக்காம வந்திருந்தா எங்க கதி இன்னா டீச்சர்? நாளைக்கு வராதீங்க."

ஜனவரி 30, செவ்வாய்

போகவில்லை. ஏழு நாள் படத்தையும் முதலிலிருந்து பார்த்தேன். இந்த முறை வாத்துகளை விட்டுவிட்டு, மூலையில் நிற்கும் பெண்ணை மட்டும் பார்த்தேன். அவளுக்கு எதுவும் கை தவறவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குனிந்து ஊட்டுகிறாள். ஒருநாள் பேசவும் செய்கிறாள்.

தரவு முழுக்க வீண். அந்த அம்புகளில் ஒன்றுகூடத் தானாகத் திரும்பியது இல்லை.

ஞானப்பிரகாசம் சிரிப்பார் என்று நினைத்தேன். காபி போட்டுக் கொடுத்தார். "காணாமப் போனது எது?" என்று கேட்டார். கழுத்தில் கறுப்புத் திட்டு என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 31, புதன்

காலை ஆறரைக்கு ஏகவல்லி போனில்.

"டீச்சர், வராதீங்கன்னு சொன்னேன். மெய்தான். ஆனா இதுங்க பட்டிய உட்டு நவுர மாட்டேங்குது. நேத்தெல்லாம் பட்டினி. நீங்களே வந்து சொல்லுங்க அதுங்களுக்கு."

"நான் சொன்னா கேக்குமா?"

"வேற யாரு சொன்னாலும் கேக்கல!"

போனேன். வலைப் பட்டிக்கு முன்னால் போய் நின்றதும் எழுந்த சத்தம் இரண்டு வயலுக்கு அப்பால் கேட்டிருக்கும். பொறை இல்லாமல் வெறுங்கையோடு வயலுக்கு நடந்தேன். அப்படியும் வந்தன. ஏகவல்லி முதலில் உர்ரென்று நின்றாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அதையும் விட்டுவிட்டுச் சத்தமாகச் சிரித்தாள்.

அவளிடம் முழுக்க ஒப்புக்கொண்டேன். மொத்தம் எத்தனை பொறை என்பதையும்.

"அதான் எனக்கு ரெண்டா நாளே தெரியுமே. படிச்சவங்க, சொன்னா சங்கடப்படுவீங்கன்னு உட்டுட்டேன். ஆனா டீச்சர், எல்லாத்துக்குமா குடுத்தீங்க? ஒரு முப்பதுக்குக் குடுத்திருப்பீங்க. மீதியெல்லாம் எதுக்கு வருது?"

அந்த இடத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தலைவர் வேண்டாம் என்பது தப்பு. எல்லோருக்கும் வழி தெரிய வேண்டும் என்பதும் தப்பு. தெரிந்தவை நூற்றுக்கு மூன்று இருந்தால் போதும். மற்றவை பக்கத்தைப் பார்த்தே வந்துவிடும், முனிரத்தினத்தின் வாத்துகள் வந்த மாதிரி. அந்த முப்பதும் யாரையும் நடத்திப் போகவில்லை, பொறைக்குப் போகின்றன, அவ்வளவே. வரப்பிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நாலு பக்கம். தாண்டவராயன் எனக்காகக் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

மதியம் முனிரத்தினம் கக்கத்தில் ஒரு வாத்தோடு வந்தார். "இது என்னுது இல்ல, நீலப் பொட்டு. ரெண்டு நாளா எதுவும் துன்னாம ரோட்டயே பாத்துகினு கீது."

துகள் 1.

நான் அவளை வாங்கிக்கொண்டு, "எங்கடி போன?" என்றேன்.

முனிரத்தினம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டியா? வாலுல மயிரு சுருட்டிகினு கீது பாரும்மா. இது ஆணு."

பதிவுகள் எல்லாவற்றிலும் 'அவள்' என்று எழுதியிருக்கிறேன். திருத்த வேண்டும்.

பிப்ரவரி 1, வியாழன்

ஆய்விதழ் ஆசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். கட்டுரையின் முக்கியமான முடிவு தவறு; கூட்டத்தைப் பார்த்தேன்; கூட்டம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது; நடந்தது இது; புதிய கணக்கு இணைப்பில். அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் இரண்டு முறை எழுந்து போய்த் துணி மடித்தேன்.

பிப்ரவரி 2, வெள்ளி

பதில் வந்துவிட்டது! ஆசிரியர் மூன்று மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார். வழி தெரிந்த வாத்துகளின் எண்ணிக்கையை மாற்றி மாற்றிச் சோதித்து, முறையாக எழுதி அனுப்பச் சொல்கிறார். இரண்டாம் மதிப்பீட்டாளர் தனியாக ஒரு வரி சேர்த்திருக்கிறாராம்: பொறை என்றால் என்ன?

வயலுக்குப் போய்ச் சொன்னேன். ஏகவல்லிக்குச் சந்தோஷம். ஆனால் இங்கே மேய்ச்சல் முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை லாரியேறி முசிறிப் பக்கம் போகிறார்கள். எனக்குத் திங்கட்கிழமை வகுப்பு இருக்கிறது.

"லால்குடிப் பக்கம் இன்னும் வாத்து இருக்கும், புதுசா வேற கூட்டம் பாத்துக்கலாம்" என்றேன்.

"ம்ம்" என்றார் தாண்டவராயன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

வழியனுப்பத்தான் போனேன். லாரி ஆறு மணிக்கே வந்து நின்றது. உள்ளே மூங்கில் தட்டு கட்டி இரண்டு அடுக்கு. டிரைவர் கேபினை ஒட்டி, பாத்திரம் பண்டம் வைக்க ஓர் ஆள் உட்காரும் அளவு இடம் விட்டிருந்தார்கள். பின்னால் சாய்வாகப் பலகை. வாத்துகள் பலகை வரைக்கும் வந்தன, பலகையைப் பார்த்தன, என்னைப் பார்த்தன, நின்றன. முக்கால் மணி நேரம் இப்படியே. டிரைவர் மூன்று பீடி குடித்துவிட்டார்.

"டீச்சர், நீங்க ஒருவாட்டி ஏறி எறங்கிடுங்க" என்றாள் ஏகவல்லி.

ஏறினேன். குனிந்து, அடுக்குக்குக் கீழே நகர்ந்து, முன்பக்கம் பாத்திரங்கள் இருந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்து திரும்பினால், வந்த வழி முழுக்க வாத்து. கீழடுக்கு நிறைந்தது, மேலடுக்கு நிறைந்தது. ஆயிரத்து நூற்று நாற்பதும் ஏறிப் பலகையையும் எடுத்துவிட்டார்கள்.

"நான் எப்படி இறங்குறது?"

டிரைவர் பக்கவாட்டு வலை வழியாக எட்டிப் பார்த்தார். "எறக்கணும்னா எல்லாத்தையும் எறக்கணும். மறுபடி ஏத்தணும். ஏத்தணும்னா மறுபடி நீங்கதான் ஏறணும்."

யோசித்துப் பார்த்தேன். வாதத்தில் குறை எதுவும் இல்லை.

"லால்குடில வலையப் பிரிச்சு எறக்கி உட்டுர்றோம் டீச்சர்" என்று கேபினிலிருந்து ஏகவல்லி குரல் கொடுத்தாள்.

சுருட்டிய வலை மூட்டையின் மேல் உட்கார்ந்தேன். துகள் 1 செருப்பில். லாரி கிளம்பியது. திருப்பத்தில் வண்டி சாயும்போது மொத்தக் கூட்டமும் ஒரே சமயத்தில் எதிர்ப்பக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தபோது நிமிர்ந்தது. நானும் அப்படியே சாய்ந்து நிமிர்ந்தேன் என்பதை மூன்றாவது திருப்பத்தில்தான் கவனித்தேன்.

சோதனைச் சாவடியில் போலீஸ்காரர் கை காட்டினார்.

"என்ன லோடு?"

"வாத்து சார்" என்றார் டிரைவர். "உள்ள ஒரு டீச்சரம்மாவும் கீறாங்க."

போலீஸ்காரர் வலை வழியாகப் பார்த்தார். நான் வணக்கம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு வணக்கம் சொல்லித் தடுப்பைத் திறந்துவிட்டார்.

முசிறி தாண்டி ஒரு வயலில் இறங்கியபோது பத்து மணி. ஞானப்பிரகாசத்துக்குப் போன் செய்து, லாரி லால்குடியில் நிற்கவே இல்லை என்று சொன்னேன்.

நின்றது. ஏகவல்லி வலையையும் பிரித்தாள். டீ வாங்கி உள்ளே நீட்டினாள். குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தேன்.